இல்லச் சிறாரும் குழுச் சிகிச்சையும்: ஒரு மறுப்புரை

சிறுவர் இல்லங்களிலே வாழும், மனவடுவுக்குள்ளான கட்டிளமைப் பருவத்தினருக்குக் குழுச் சிகிச்சையே உகந்த வழி என்னும் கருத்து நம்மிடையே கேள்விக்கிடமற்றதொன்றாக நிலைபெற்றுவிட்டது. நிதி வழங்குவோர் அதனை விரும்புகின்றனர். அரசசார்பற்ற நிறுவனங்கள் தம் செயற்றிட்ட அறிக்கைகளின் முதற் பக்கத்திலே அதனை எழுதுகின்றன. நமது மாணவரும் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அதனையே தேடிச் செல்கின்றனர். பன்னிரண்டு பிள்ளைகள், எட்டு அமர்வுகள், முன்னும் பின்னுமாக இரண்டு வினாக்கொத்துகள், இறுதி நாளில் ஒரு கேக்கும் நிழற்படமும். இவ்வளவோடு வேலை முடிந்துவிடுகின்றது.

இக்கட்டுரை அந்தக் கருத்துக்கு எதிராக எழுதப்படுகின்றது. குழுச் சிகிச்சை என்னும் முறையே பொய்யெனக் கூறுவது என் நோக்கமன்று. நம்மிடையே நடைபெறும் வடிவில், நமது இல்லங்கள் இன்று உள்ள நிலையில், அது பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யக்கூடியது என்பதும், அத்தீங்கை அறிந்துகொள்ளும் வழியையும் நாமே அடைத்து வைத்திருக்கின்றோம் என்பதுமே எனது வாதம்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 2009 மே மாதத்திலே வன்னியிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கிவரப்பட்ட பிள்ளைகூட இன்று பாடசாலைப் படிப்பின் இறுதிக்கு வந்துவிட்டது. அன்று இல்லங்களை நிறைத்திருந்த தலைமுறை வெளியேறிவிட்டது. ஆயினும் இல்லங்கள் வெறுமையாகவில்லை. தந்தையின் குடியும் அடியும், வீட்டுக்குள்ளேயே நேர்ந்த பாலியற் கொடுமை, தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றபின் குலைந்துபோன குடும்பம், மறுமணத்தின் பின் எவருக்கும் வேண்டாததாகிவிட்ட பிள்ளை, எல்லாவற்றுக்கும் அடியிலே வறுமை என இன்றைய காரணங்கள் வேறு. இந்நாட்டு இல்லங்களில் வாழும் பிள்ளைகளுட் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையருள் ஒருவராவது உயிருடன் இருக்கின்றனர் என்பதை இத்துறையிற் பணிபுரிவோர் எல்லோரும் அறிவர். 'அநாதை' என்னும் சொல்லை 1941 ஆம் ஆண்டின் அநாதை இல்லங்கள் கட்டளைச்சட்டம் நமக்கு விட்டுச்சென்றது. அச்சொல்லுக்கு உண்மையாகவே பொருந்துவோர் இல்லங்களிற் சிறுபான்மையினரே.

இது வெறும் சொற்பிரச்சினை அன்று. குழுச் சிகிச்சை, கடந்துபோன நிகழ்வொன்று விட்டுச்சென்ற வடுவை ஆற்ற முற்படுகின்றது. இப்பிள்ளைகளுக்கோ ஒரு பகுதி இன்னும் கடந்துபோகவில்லை. பத்து மைல் தொலைவிலே தாய் இருக்கின்றாள். பேருந்துக்குக் காசில்லாமையால் அவள் வருவதில்லை. சென்ற மாதமும் வரவில்லை, இந்த மாதமும் வரவில்லை. இதனை 'நெருக்கீட்டுக்குப் பின்னான' என்னும் அடைமொழியால் எவ்வாறு அழைப்பது?

இனி, எதிர்த்தரப்பாரின் நியாயங்களை நோக்குவோம். அவை இலேசானவையல்ல. அமெரிக்க உளமருத்துவர் இர்வின் யாலொம் 1970 இல் வெளியிட்ட குழு உளச்சிகிச்சை பற்றிய நூல் இத்துறையிலே இன்றளவும் அடிப்படை நூலாக மதிக்கப்படுகின்றது. குழுவினால் விளையும் நன்மைகளுள், தன் துயரம் தனக்கு மட்டுமே உரியதன்று என ஒருவர் உணர்வதை அவர் முக்கியமானதாகக் கொள்வார். கட்டிளமைப் பருவத்தினருக்கு இது மேலும் பொருந்தும். அவ்வயதிலே பெரியவரின் ஆறுதலைவிடத் தோழியின் தலையசைப்புக்கு நிறை அதிகம். அன்றியும், உளமருத்துவரும் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரும் மிகச் சிலராகவே உள்ள வடக்குக் கிழக்கிலே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே இருத்திப் பேசுவதற்கு ஆளில்லை என்பதும் உண்மையே.

மூன்றாவதாக ஒரு நியாயம் கூறப்படுவதுண்டு. கூடியிருந்து துயரைப் பகிர்தல் நமது மரபு. செத்தவீட்டிலே பெண்கள் ஒருவரையொருவர் கட்டியணைத்து ஒப்பாரி வைப்பதும் ஒரு குழுச் சிகிச்சையே என்பர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் தாக்கத்தைத் தனிமனித நோயாக மட்டுமன்றிச் சமூகத்தின் கூட்டு மனவடுவாகவும் காணவேண்டும் என எழுதிவந்தமையையும் இதற்குத் துணையாகக் காட்டுவர். எனக்கு இது விந்தையாகவே படுகின்றது. அவர் பேசியது குடும்பமும் கிராமமும் உடைந்தமை பற்றி. அவ்வுறவுகளை மீளக் கட்டுதல் பற்றி. குடும்பத்திலிருந்தும் கிராமத்திலிருந்தும் பெயர்த்தெடுக்கப்பட்ட பன்னிரண்டு பிள்ளைகளை அந்நியர் ஒருவர் முன்னே வட்டமாக இருத்துவதற்கு அவரைச் சாட்சிக்கு அழைத்தல் பொருந்தாது. செத்தவீட்டு உவமையும் அவ்வாறே. அங்கே கட்டியணைத்து அழுதவர் எட்டுக்கும் வருகின்றார், அந்தியேட்டிக்கும் வருகின்றார், ஆண்டுத் திவசத்துக்கும் வருகின்றார். அழவைத்துவிட்டு ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவதில்லை.

இவ்விடத்தில் எனது சொந்தக் குற்றமொன்றைக் கூறாது மேலே செல்லுதல் நேர்மையாகாது. 2011 இல், இறுதியாண்டு மாணவியாக இருந்தபோது, சகமாணவி ஒருத்தியுடன் பெண்பிள்ளைகள் இல்லமொன்றுக்குச் சென்று எட்டு அமர்வுகளை நடத்தினேன். 13 முதல் 17 வயது வரையான பன்னிரண்டு பிள்ளைகள். எங்கள் கையிலே ஓர் ஆங்கிலக் கைந்நூல் இருந்தது. அதிற் பாதியை மட்டும் நாங்களே மொழிபெயர்த்திருந்தோம். முதலாவது அமர்வில் விதிகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரிலே ஒட்டினோம். 'இங்கே பேசுவது இங்கேயே இருக்கும்' என்பது முதல் விதி.

மூன்றாவது அமர்விலே ஒரு பிள்ளை பேசினாள். அவளை எவரும் இனங்காணா வண்ணம் சிலவற்றை மாற்றியே எழுதுகின்றேன். இறுதி நாள்களில் ஷெல் வீச்சுக்கிடையே ஓடிவந்தபோது தம்பியின் கையைத் தான் விட்டுவிட்டதாக அவள் கூறினாள். வட்டத்திலிருந்தோர் எல்லோரும் அழுதனர், நாங்களும் அழுதோம். 'இன்றுதான் இந்தக் குழு உண்மையிலே குழுவாயிற்று' என்று அன்று மாலை பேருந்திலிருந்து குறிப்பேட்டில் எழுதினேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் உண்டு.

நான்கு நாள்களின் பின், கிணற்றடியில் வாளியொன்றுக்காகச் சண்டை மூண்டது. வட்டத்திலே அவளுக்கு அருகிலிருந்து அழுத பிள்ளையே, 'தம்பியைக் கைவிட்டிட்டு ஓடி வந்தவள்தானே நீ' என்று சொல்லிவிட்டாள். அன்றிரவே இல்லம் முழுவதும் அச்சொல் பரவிற்று. பின்னர் பாடசாலைக்கும் போயிற்று. அடுத்த கிழமை நாங்கள் சென்றபோது மேற்றன் விறாந்தையிலேயே எங்களை மறித்து, 'பிள்ளையள், நீங்கள் கிளறிப்போட்டுப் போறியள். இரவிலை நாங்கள்தானே இருக்கிறது' என்றார். அவர் எட்டாம் வகுப்புவரை படித்தவர். உளவியல் பற்றி எங்களுக்கு எவரும் அதற்கு முன் அவ்வளவு சரியாக எதனையும் சொல்லியிருக்கவில்லை. ஆயினும் நாங்கள் நிறுத்தவில்லை. ஆய்வேட்டுக்கு எட்டு அமர்வுகள் தேவைப்பட்டன.

இறுதியில் நடந்ததுதான் இன்றும் என்னை உறுத்துகின்றது. இரண்டாவது வினாக்கொத்திலே அப்பிள்ளை எல்லா வினாக்களுக்கும் 'இல்லை' என்றே குறித்திருந்தாள். கெட்ட கனவு வருகின்றதா? இல்லை. நடந்தவை அடிக்கடி நினைவுக்கு வருகின்றனவா? இல்லை. பிறரை நம்ப முடியவில்லையா? இல்லை. எதனையும் எவரிடமும் சொல்லக்கூடாது என்பதை அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். அவளது புள்ளி எங்கள் அட்டவணையிலே பெரியதொரு முன்னேற்றமாகப் பதிவாயிற்று. குழுவின் சராசரியை உயர்த்தியவள் அவளே. ஆய்வேட்டுக்குச் சிறப்புப் புள்ளி கிடைத்தது.

அந்த மற்றப் பிள்ளை கொடியவள் அல்லள். நாற்பது பேர் மூன்று குளியலறைகளையும் ஒரு கிணற்றையும் பங்கிட்டு வாழுமிடத்திலே, எவருக்கும் சொந்தமாக ஒரு பெட்டியும் பூட்டும் இல்லாத இடத்திலே, இன்னொருவரின் இரகசியமே கையிலுள்ள ஒரே ஆயுதமாகின்றது. விடுதிகளிலே வாழ்ந்த வாசகர்கள் இதனை நான் சொல்லித்தான் அறியவேண்டும் என்பதில்லை. யாலொம் பேசும் குழு அமர்வுக்கு வெளியே ஒருவரோடொருவர் தொடர்பில்லாதோரைக் கொண்டது; குழுவுக்கு வெளியே உறுப்பினரிடையே வளரும் உறவுகள் சிகிச்சையைச் சிக்கலாக்கும் என்பதை அவரே நீளமாக ஆராய்கின்றார். இல்லத்துக் குழுவிலோ 'வெளியே' என்று ஓரிடமே கிடையாது. வட்டத்திலே பக்கத்திலிருந்தவளின் கட்டில்தான் இரவிலும் பக்கத்துக் கட்டில். சுவரில் ஒட்டிய விதி அமர்வறையின் கதவோடு முடிந்துவிடுகின்றது.

கைந்நூல்களைப் பாதியாக மொழிபெயர்த்தோம் என்றேன். இது எங்கள் இருவரின் சோம்பலால் மட்டும் நேர்ந்ததன்று. இங்கே பொதுவாக நிகழ்வதே அதுதான். பிறநாடுகளிலே பரிசோதிக்கப்பட்ட குழுமுறைகளைச் சற்று உன்னித்துப் பார்த்தால், அவற்றுட் பல வட்டத்தின் நடுவே கதையைக் கொட்டுமாறு பிள்ளைகளைக் கேட்பதில்லை என்பது புலனாகும். போரும் பேரிடரும் கண்ட பிள்ளைகளுக்கென வில்லியம் யூல், அற்லே டிறெக்ரோவ் முதலியோர் நோர்வேயை மையமாகக் கொண்டு உருவாக்கிய முறை சிறுவருக்கு ஐந்து அமர்வுகளை உடையது. திடீரெனத் தோன்றும் காட்சிகளை எவ்வாறு சமாளிப்பது, உடலின் பதற்றத்தை எவ்வாறு தணிப்பது, அஞ்சி ஒதுக்குவனவற்றை எவ்வாறு படிப்படியாக அணுகுவது என்பனவே அங்கே கற்பிக்கப்படுகின்றன. பராமரிப்போருக்கும் அம்முறையிலே தனி அமர்வுகள் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸ் பாடசாலைகளிலே சோதிக்கப்பட்டு 2003 இல் முடிவு வெளியான முறையிலே பத்துக் குழு அமர்வுகளோடு ஒன்று முதல் மூன்று வரையான தனியமர்வுகள் சேர்ந்திருந்தன. பிள்ளை தனக்கு நேர்ந்ததை விரிவாகச் சொல்வதற்கான இடம் அத்தனியமர்வே. கொங்கோவிலே பாலியற் கொடுமைக்குள்ளான 52 பெண்பிள்ளைகளிடையே நடத்தப்பெற்று 2013 இல் வெளியான ஆய்வு பெரும் பயனைக் காட்டிற்று. அங்கும் 15 அமர்வுகள் குழுவாக நடந்தனவாயினும், அவரவர் கதை தனியாகவே சொல்லப்பட்டது.

நம்மிடம் வந்துசேரும்போது இவற்றில் எது முதலில் விடுபட்டுப் போகின்றது? தனியமர்வு விடுபடுகின்றது, அதற்கு நேரமில்லை. பராமரிப்போருக்கான அமர்வு விடுபடுகின்றது, மேற்றனுக்குச் சமையலறையில் வேலை. மேற்பார்வை விடுபடுகின்றது, அதற்கு நிதி ஒதுக்கப்படவில்லை. எஞ்சுவது வட்டமும் கண்ணீரும். கார் ஒன்றிலே தடுப்புக்கட்டையை மட்டும் கழற்றி எடுத்துவிட்டு, அதே கார்தான் என்று விற்பதற்கு இது ஒப்பாகும்.

நமது மண்ணிலேயே நடந்த சோதனையொன்றை இங்கு குறிப்பிடுதல் அவசியம். வடக்கிலே பாடசாலைச் சிறுவர் 399 பேரிடையே, 15 குழு அமர்வுகளைக் கொண்ட திட்டமொன்று முறையான ஒப்பீட்டுக் குழுவுடன் ஆராயப்பட்டு, 2012 இல் அதன் முடிவுகள் வெளியாயின. முதன்மையாக எதிர்பார்க்கப்பட்ட பயன்கள் ஒட்டுமொத்தமாக நோக்குமிடத்துக் கிடைக்கவில்லை. நடத்தைப் பிரச்சினைகளில் ஓரளவு நன்மை தெரிந்தது. ஆண்பிள்ளைகளுக்கும், போரின் நெருக்கீடுகள் குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் சில பயன்கள் இருந்தன. பெண்பிள்ளைகளிலோ, திட்டத்திற் சேர்க்கப்பட்டோரின் மனவடு அறிகுறிகள், சேர்க்கப்படாது காத்திருந்தோரின் அறிகுறிகளைவிடக் குறைவாகவே தணிந்தன. அதாவது, ஒன்றும் செய்யாதிருந்திருந்தால் அவர்கள் கூடுதலாகத் தேறியிருக்கக்கூடும். அவர்கள் 9 முதல் 12 வயது வரையானவர்கள். இல்லப் பிள்ளைகளும் அல்லர். ஆகவே இம்முடிவை அப்படியே இல்லங்களுக்குப் பொருத்துவது தவறு என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் தம்மைச் சூழ்ந்த நெருக்கீடு குறைந்திருந்த பிள்ளைகளுக்கே குழு பயன்பட்டது என்பதை மனங்கொள்ள வேண்டும். வீட்டில் உறங்கும் பிள்ளைக்கே இது நிபந்தனையெனின், இல்லத்திலே உறங்கும் பிள்ளையைப் பற்றி நாம் எந்தத் துணிவிலே பேசுகின்றோம்? நாடறிந்த இந்த ஆய்வை நமது மாணவரின் ஆய்வேடுகளில் மிக அருமையாகவே காண்கின்றேன். சாதகமான முடிவுகளே மேற்கோளாகின்றன.

எதிர்த்தரப்பார் கையிலே மிக வலிய சான்றொன்று உண்டு. அவர்கள் அதனைப் பெரும்பாலும் அறியாதிருப்பதனால் நானே எடுத்துக் கூறுகின்றேன். ஜேர்மனியிலே, பெற்றோர் துணையின்றி வந்துசேர்ந்த அகதி இளைஞர் வாழும் பராமரிப்பு இல்லங்களில், 'என் வழி' எனப் பொருள்படும் பெயருடைய குழுமுறை ஒன்று 99 பேரிடையே சோதிக்கப்பட்டது. 2018 இல் வெளியான முடிவின்படி, ஆறே அமர்வுகளில், வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றோரைவிடக் குழுவிலிருந்தோரின் மனவடு அறிகுறிகளும் மனச்சோர்வும் தெளிவாகக் குறைந்தன. அவர்களும் இல்லவாசிகள். தமக்கு நேர்ந்தவற்றையும் அவர்கள் குழுவினுள்ளேயே எடுத்து நோக்கினர். எனது வாதம் இத்தோடு வீழ்ந்துவிட்டதா?

அக்குழுக்களை நடத்தியவர் யார் என்று பார்க்கவேண்டும். வெளியிலிருந்து வந்த ஆய்வு மாணவர் அல்லர். சிறுவர் நலத்துறையிலேயே பணிபுரிந்த, இதற்கெனப் பயிற்சியளிக்கப்பட்ட சமூகப் பணியாளர். அமர்வு முடிந்ததும் அவ்விளைஞருக்குப் பொறுப்பான சேவை அங்கேயே நிலைத்திருந்தது. அவர்கள் 17 வயதை அண்மியவர்கள். 'வழமையான பராமரிப்பு' எனும் சொற்றொடரின் பொருளும் அங்கே வேறு. கல்வி, வதிவிடம், சட்ட உதவி என்பவற்றைப் பார்க்கவென ஊதியம் பெறும் ஆள்கள் இருந்தனர். நமது இல்லங்களிலே 'வழமையான பராமரிப்பு' என்பது, நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு பெண்களும் ஒரு சமையற்காரரும். எனவே இச்சான்று என் வாதத்தை முறிக்கவில்லை. வாதம் எங்கே நிற்கவேண்டும் என்பதையே எனக்குக் காட்டிற்று. வட்டத்தின் பயன் வட்டத்தைச் சூழ்ந்துள்ள இல்லத்தின் பயனே.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட உண்மையன்று. முதலாம் உலகப்போரின் பின் ஒஸ்திரியாவிலே நெறிபிறழ்ந்த சிறுவருக்கான இல்லமொன்றை நடத்திய ஓகஸ்ட் ஐக்ஹோர்ன், 1925 இல் வெளியான தமது நூலிலே, அடங்காத சிறுவர் மேசை நாற்காலிகளை உடைத்தபோதும் பணியாளர் திருப்பி அடியாது நின்றமையே சிகிச்சையாயிற்று என்று காட்டினார். பிரிட்ஸ் றெட்ல் 1946 இல் அமெரிக்காவின் டிற்றோயிட் நகரிலே நிறுவிய சிறிய இல்லத்தில், சாப்பாட்டு மேசையிலே எழும் சண்டையும் உறங்கப்போகும் வேளையின் அச்சமுமே உரையாடலுக்குரிய சந்தர்ப்பங்களாகக் கொள்ளப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள் பணமின்றி அவ்வில்லம் மூடப்பட்டது. இத்துறையின் வரலாற்றில் இதுவும் குறிப்பிடத்தக்க செய்தியே. 1969 இல் றீஷ்மன், விற்றேக்கர், பிறென்ட்றோ ஆகிய மூவர் எழுதிய நூலின் பெயரே 'மற்ற 23 மணித்தியாலங்கள்' என்பதாகும். சிகிச்சையாளரோடு கழியும் ஒரு மணித்தியாலம் போக எஞ்சிய நேரம் அது.

அந்த 23 மணித்தியாலங்கள் நமது இல்லங்களில் எவ்வாறு கழிகின்றன? விடியற்காலை மணி அடிக்கின்றது. தண்ணீருக்கு வரிசை, பிரார்த்தனை, உணவுக்கு வரிசை, பாடசாலை, மாலைப் படிப்பு, மீண்டும் பிரார்த்தனை, மீண்டும் படிப்பு, விளக்கணைப்பு. இந்த ஒழுங்கை நான் இகழவில்லை. அலைந்த பிள்ளைக்கு ஒழுங்கும் ஓர் ஆறுதலே. ஆனால் எந்த ஒன்றையும் பிள்ளை தீர்மானிப்பதில்லை. கொடுமைக்குள்ளான பிள்ளையின் முதற் பட்டறிவு, தன் உடலுக்கும் நாளுக்கும் தான் அதிகாரியல்லள் என்பதே. அதே பாடத்தை இல்லம் நாள்தோறும் அன்பாகக் கற்பிக்கின்றது. யூடித் ஹேர்மன் 1992 இல் எழுதிய நூலிலே, மனவடுவிலிருந்து மீள்வதன் முதற்படி பாதுகாப்பு என்றும், நினைவுகூர்ந்து துக்கித்தல் அதன் பின்னரே என்றும் வரையறுத்தார். நாமோ இரண்டாம் படியைக் கொண்டு தொடங்குகின்றோம். அது நிழற்படத்துக்கு நன்றாக அமைகின்றது.

நிழற்படம் என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகின்றது. வெளிநாட்டிலுள்ள ஒருவரின் பிறந்தநாளுக்கோ, அவருடைய தந்தையின் திவசத்துக்கோ இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பது நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. கொடுப்போரின் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. இல்லங்கள் பல அந்தச் சாப்பாட்டிலேயே நிற்கின்றன என்பதும் மெய். ஆயினும் அந்த நண்பகலை ஒருமுறை பாருங்கள். முன்பின் அறியாத ஒருவரின் படத்துக்கு முன்னே பிள்ளைகள் வரிசையாக நிற்கின்றனர், தேவாரம் பாடுகின்றனர், நன்றி கூறுகின்றனர், தட்டுடன் படம்பிடிக்கப்படுகின்றனர், படம் அன்றிரவே கடல்கடந்து போகின்றது. தன் தந்தையின் இறந்த நாள் எதுவென்றே அறியாத பிள்ளை, அந்நியர் ஒருவரின் தந்தைக்காகக் கைகூப்பி நிற்கின்றது. பதினான்கு வயதிலே அது எவ்வளவு கூச்சத்தைத் தரும் என்பதை எண்ணிப் பார்ப்பதற்கு உளவியல் கற்றிருக்க வேண்டியதில்லை. காலையில் இது நடந்த இல்லத்திலே மாலை மூன்று மணிக்குத் 'தன்மதிப்பை வளர்த்தல்' என்னும் நான்காவது அமர்வை நாங்கள் நடத்தியிருக்கின்றோம்.

இல்லத்தையே மாற்றுதல் கைகூடாத கனவு என்பர். வோர்சோவிலே 1912 முதல் யூத அநாதைப் பிள்ளைகளின் இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஸ் கொர்சாக்கிடம் நம்மைவிட அதிக பணமோ ஆளோ இருந்ததாகக் கூறமுடியாது. அங்கே பிள்ளைகளே நீதிபதிகளாக இருந்த நீதிமன்றம் ஒன்று இயங்கிற்று. அதன் சட்டக்கோவையின் பெரும்பகுதி மன்னிப்பதற்கான பிரிவுகளே. பிள்ளையொன்றை அநியாயமாக நடத்தியதற்காகக் கொர்சாக் தாமும் அம்மன்றத்தின் முன் நின்றார். பிள்ளை ஒருத்தி பெரியவர்மீது முறையிட்டு, அம்முறையீடு கேட்கப்பட்டு, அதற்காக அவள் தண்டிக்கப்படாதிருத்தல் எத்தனை அமர்வுகளுக்குச் சமம் என்பதை எந்த வினாக்கொத்தாலும் அளக்கமுடியாது. 1942 இல் அவரும் அவரது பிள்ளைகளும் திரெப்ளிங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர் தப்பிச்செல்லக் கிடைத்த வழிகளை ஏற்கவில்லை.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டியதில்லை. மட்டக்களப்பிலே 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் கூடி மாதக்கணக்காக மண்ணோடும் வர்ணத்தோடும் கதையோடும் விளையாடினர். போரைப் பற்றிச் சொல்லுமாறு எவரும் அவர்களை நெருக்கவில்லை. உடனிருந்தோர் அவ்வூரவரே. அதுவும் ஒரு குழுவே. அது இல்லமன்று, பிள்ளைகள் மாலையிலே வீடு திரும்பினர் என்ற வேறுபாட்டை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் குழு என்பது கதையைத் தோண்டும் கருவியாகத்தான் இருக்கவேண்டும் என்னும் நம்பிக்கையை அது தகர்க்கின்றது.

ஆகவே குழுவை முற்றாகக் கைவிடுமாறு நான் கேட்கவில்லை. உறக்கம் வராதபோது என்ன செய்வது, கோபம் தலைக்கேறும்போது எங்கே போய் நிற்பது, பரீட்சை மண்டபத்திலே திடீரெனக் காட்சி தோன்றினால் மூச்சை எவ்வாறு ஒழுங்காக்குவது என்பவற்றைக் குழுவாகக் கற்கலாம். அவை வாளிச் சண்டையில் ஆயுதமாகமாட்டா. கிழமைக்கொரு முறை இல்லத்தார் எல்லோரும், மேற்றனும் சமையற்காரரும் உட்பட, கூடியிருந்து தண்ணீர் வரிசையையும் உடுப்புப் பங்கீட்டையும் பேசித் தீர்க்கலாம். பிள்ளையின் கதை கேட்கப்படவேண்டுமாயின் அது தனியே, அடுத்த ஆண்டும் அங்கிருக்கப்போகும் ஒருவரால், வைத்தியசாலை உளமருத்துவப் பிரிவின் மேற்பார்வையோடு கேட்கப்படுதல் வேண்டும். ஆளில்லை என்னும் விடையை நான் முழுமையாக ஏற்கவில்லை. கடற்கோளின் பின் வடகிழக்கு முகாமொன்றிலே 31 பிள்ளைகளுக்குத் தலா ஆறு தனியமர்வுகள் உள்ளூர் உளவளத்துணையாளராலேயே நடத்தப்பட்டு நற்பயன் விளைந்தமை 2009 இல் வெளியான ஆய்வொன்றிலே பதிவாகியுள்ளது. எட்டு அமர்வுகளுக்கு ஒதுக்கப்படும் வாகனச் செலவையும் பயிற்சிப் பட்டறைச் சிற்றுண்டியையும் கூட்டிப் பார்த்தால், இல்லமொன்றின் தாய்மார் எல்லோருக்கும் ஓராண்டுக்கு மாதமொருமுறை வந்துபோகப் பேருந்துக் காசு கொடுத்துவிடலாம் என்றே எண்ணுகின்றேன். ஏதேனும் ஒரு நிறுவனம் தன் கணக்கை எடுத்துக் கூட்டிப்பார்த்து என்னை மறுக்கட்டும்.

எஞ்சியது நமது பங்கு. நிறுவனங்களை ஏசுவது எளிது. நமது மாணவரை அனுப்புவோர் நாமே. பட்டப்படிப்பு மாணவர் எவரும் இல்லப் பிள்ளைகளிடமிருந்து மனவடு அனுபவங்களைக் குழுவாகவோ தனியாகவோ சேகரித்தல் ஆகாது என ஒவ்வொரு துறையும் தீர்மானித்தல் வேண்டும். ஆய்வுத் தலைப்புக்குப் பஞ்சமில்லை. இல்லத்தின் நாளொழுங்கு, மேற்றன்மாரின் வேலைச்சுமை, பெற்றோர் வராமைக்கான காரணங்கள், 18 வயதில் வெளியேறியோர் எங்கே போனார்கள் என்பது, இவற்றில் எதனை ஆராய்ந்தாலும் பிள்ளை ஒருத்தியின் தம்பியைப் பற்றி அவளிடம் கேட்கவேண்டியதில்லை. இத்தலைப்புகளில் அழுகை இல்லாதபடியால் மாணவர் கவரப்படுவதில்லை என ஒரு சக விரிவுரையாளர் என்னிடம் வருந்திக் கூறினார். அவர் கூறியது உண்மை. ஆயினும் அதனை மாற்றவேண்டியவர்கள் நாம்தாம்.

ஆய்வு முன்மொழிவுகள் அடுத்த தவணையிலே நெறிமுறைக் குழுவின் முன் வரவுள்ளன. பங்குபற்றுவோரின் ஒப்புதல் பெறப்பட்டதா, தரவுகள் எங்கே பூட்டிவைக்கப்படும் என்பவற்றை அக்குழுவின் படிவம் கேட்கின்றது. அமர்வு முடிந்த இரவிலே அப்பிள்ளையோடு யார் இருப்பார், அவருக்கு என்ன சொல்லப்பட்டிருக்கின்றது, அவர் அதற்கு உடன்பட்டாரா என்று அது கேட்பதில்லை. அப்படிவம் இரண்டு பக்கங்கள் கொண்டது. மூன்றாவது பக்கம் ஒன்றைச் சேர்ப்பதற்குத் தடையேதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.